பத்தாம் நாள் விழித்துக்கொள்ளும் பயம்

பேரதிர்ச்சியில் சிக்குகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. யார் ஆகிறார்கள், எப்போது ஆகிறார்கள் என்று மூளைக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் விஞ்ஞானிகள். விடையின் ஒரு முக்கியமான பகுதி கிடைத்தது பெங்களூரில்.

எலிக்குக் காயம் எதுவும் இல்லை. அதை யாரும் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் உடம்பை அசைக்க முடியாதபடி இறுக்கிப் பிடித்து வைத்தார்கள். பிறகு பழைய கூண்டிலேயே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு முறை, அவ்வளவுதான். ஆனால் எலியைப் பொறுத்தவரை அது பெருவிபத்து. தப்பிக்க வழியில்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது.

பெங்களூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது தேசிய உயிரியல் அறிவியல் மையம். அங்கே நரம்பியல் விஞ்ஞானி சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு இந்தப் பரிசோதனையைச் செய்தது. மறுநாள் சில எலிகளின் மூளையை எடுத்து ஆராய்ந்தார்கள். மாற்றம் எதுவும் தென்படவில்லை. நடத்தையிலும் பயத்தின் அறிகுறி இல்லை. பத்து நாள் கழித்து மற்ற எலிகளைப் பார்த்தபோதுதான் ஆச்சரியம் காத்திருந்தது. அந்தப் பத்து நாட்களும் எலிகள் தின்றன, தூங்கின, ஓடின. வேறு எந்தத் துன்பமும் அவற்றுக்கு நேரவில்லை. ஆனாலும் பத்தாம் நாள் அவை பயந்த எலிகளாக இருந்தன. கூட்டல் குறி வடிவில் உயரத்தில் வைத்த மேடையில் விட்டபோது, சுவர் இல்லாத பாதைகளை ஒதுக்கிவிட்டுச் சுவர் உள்ள பாதைகளிலேயே ஒண்டிக்கொண்டன. மூளைக்குள், பயத்தைக் கையாளும் பகுதியில், நரம்பு செல்களின் கிளைகளில் புதிய முள்மொட்டுகள் அடர்த்தியாக முளைத்திருந்தன. ஒரு செல் இன்னொரு செல்லிடமிருந்து செய்தி வாங்கும் இடங்கள் இவை. 2005இல் இந்த முடிவு வெளியானது.

இரண்டு மணி நேர அதிர்ச்சி. பத்து நாள் மௌனம். அப்புறம் பயம். மனநோய் மருத்துவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. பஸ் கவிழ்ந்து பிழைத்தவர், தீவிபத்திலிருந்து இறங்கி வந்தவர், கலவரத்தில் ஒளிந்திருந்து தப்பியவர் என்று பலரும் முதல் சில நாட்கள் திடமாகத்தான் இருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறார்கள். "பரவாயில்லை, தைரியசாலி" என்று உறவினர்கள் மெச்சிவிட்டுப் போகிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே ஆள் நள்ளிரவில் அலறி எழுகிறார். டயர் வெடிக்கும் சத்தத்தில் உடல் வியர்க்கிறது. விபத்து நடந்த சாலையைத் தவிர்க்க நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். மனைவி, மக்கள் மேல் பிடிப்பு விட்டுப்போகிறது. இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதிக்குமானால் அதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். சுருக்கமாக பி.டி.எஸ்.டி.

பெயர் வந்தது 1980இல்தான். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில் இதைச் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு முக்கியமான தூண்டுதல். நோய் அதைவிடப் பழையது. முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரும் உளவியலாளருமான சார்லஸ் மையர்ஸ் "ஷெல் ஷாக்" என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடிப்பின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டதால் வரும் கோளாறு என்பது அப்போதைய ஊகம். குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோது ஊகம் ஆட்டம் கண்டது. பிறகு நெடுங்காலம் இது கோழைத்தனம் என்றோ, பென்ஷனுக்காகப் போடும் நாடகம் என்றோ பேசப்பட்டது. அந்தச் சந்தேகம் ராணுவ முகாம்களை விட்டு இன்றும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது போபாலில். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு தாண்டி விஷவாயு பரவியது. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். மனத்துக்கு வைத்தியம் என்ற யோசனை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1985இல் லக்னோவிலிருந்து வந்த மனநோய் மருத்துவர்கள் பத்து மருத்துவமனைகளுக்கு வந்த 855 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 193 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், மனநலக் கோளாறு இருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸின் டாக்டர் ஆர். சீனிவாச மூர்த்தி, உள்ளூர்ப் பொது மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தார். மூச்சுத் திணறலோடு வருகிறவரிடம் தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள் என்பது அதன் சாரம். பேரிடர்களில் மனநல உதவி என்ற ஏற்பாடே நம் நாட்டில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் போபாலிலேயே இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரே தெருவில், ஒரே இரவில், ஒரே வாயுவைச் சுவாசித்தவர்களில் ஒருவர் உடைந்துபோனார். இன்னொருவர் இழப்புகளை எண்ணி அழுதுவிட்டு வேலைக்குப் போனார். உலகம் முழுவதும் இதே கணக்குதான். உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து பல நாடுகளில் நடந்த மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஏதாவது ஒரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறவர்கள் சுமார் 70 சதவீதம். அவர்களில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகிறவர்கள் 5.6 சதவீதம் மட்டுமே. மீதிப் பேர் எப்படித் தப்பித்தார்கள்? வளர்ப்பா, விதியா, ஜாதகமா என்று ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். நரம்பியல் விஞ்ஞானிகள் மூன்று இடங்களைக் காட்டுகிறார்கள்.

முதலாவது அமிக்டலா. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவம். கிரேக்கத்தில் பெயரின் பொருளும் அதுவே. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற காவல்காரன் இது. கயிறா பாம்பா என்று கண் தீர்மானிப்பதற்குள் காலைப் பின்னுக்கு இழுப்பதில் இதற்குப் பங்குண்டு. இரண்டாவது ஹிப்போகேம்பஸ். கடல்குதிரை போல் வளைந்தது. எது, எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுகளுக்கு இடமும் தேதியும் போட்டுவைக்கிறது. மூன்றாவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் அடிப்பகுதி. "அது அன்றைக்கு; இன்றைக்கு இல்லை" என்று அமிக்டலாவை அடக்குகிற அதிகாரி. நோயாளிகளின் மூளையைச் செயல்வழி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் தெரிந்தது இதுதான்: காவல்காரன் ஓயாமல் கூவுகிறான், அதிகாரியின் குரல் எடுபடவில்லை, நினைவுகளில் தேதி முத்திரை மங்கிக்கிடக்கிறது. பட்டாசுச் சத்தம் கேட்ட மறுகணம் முன்னாள் சிப்பாய் மீண்டும் போர்க்களத்தில் நிற்பது இதனால்தான்.

அமிக்டலாவுக்கு இதில் எவ்வளவு பங்கு? அதற்குச் சாட்சி சொன்னவர்கள் வியட்நாமில் தலையில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள். தோட்டாவோ குண்டுச் சிதறலோ துளைத்து, மூளையின் வெவ்வேறு பகுதிகளை இழந்தவர்கள். மைக்கேல் கோனிக்ஸும் ஜோர்டன் கிராஃப்மனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இவர்களை ஒப்பிட்டார்கள். மூளையில் காயமே படாத சிப்பாய்களில் சுமார் பாதிப் பேருக்கு பி.டி.எஸ்.டி. வந்திருந்தது. அமிக்டலா சேதமடைந்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் அதிகாரி என்று சொன்னோமே, அந்த முன்மூளை அடிப்பகுதியை இழந்தவர்களுக்கு நோய் அதிகமாக வந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்களிடமும் குறைவாகவே இருந்தது. மூளை, பாடப் புத்தகப் படம் போல் அவ்வளவு நேரானதல்ல. அந்தப் பகுதி பயத்தை அடக்குவதோடு, தன்னைப் பற்றிய கசப்பான எண்ணங்களை மறுபடி மறுபடி கிளறவும் செய்கிறது போலும் என்று ஆய்வாளர்கள் விளக்கம் தேட வேண்டியிருந்தது.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருந்தது. 1995இல் ஏல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிரெம்னர் குழு, பி.டி.எஸ்.டி. உள்ள 26 வியட்நாம் சிப்பாய்களின் வலது ஹிப்போகேம்பஸ், மற்றவர்களுடையதைவிட 8 சதவீதம் சிறியதாக இருப்பதாக அறிவித்தது. போர் மூளையைச் சுருக்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. சரி, சுருங்கியது என்று எப்படித் தெரியும்? போருக்கு முன் அந்த மூளையை யார் அளந்து வைத்தார்கள்? பிறவியிலேயே சிறியதாக இருந்திருக்கலாமே?

இந்த முடிச்சை அவிழ்த்தது இரட்டையர்கள். ஹார்வர்டோடு தொடர்புடைய மார்க் கில்பர்ட்சன், ரோஜர் பிட்மன் குழு, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்தது. அண்ணன் வியட்நாம் போனவன், தம்பி போகாதவன். இருவரின் மரபணுக்களும் ஒன்றே. போர் ஹிப்போகேம்பஸைச் சுருக்கியிருந்தால் அண்ணனுக்கு மட்டும்தான் அது சிறியதாக இருக்க வேண்டும். 2002இல் வந்த முடிவு வேறு. கடுமையான நோய் கண்ட அண்ணன்களுக்குச் சிறியதாக இருந்தது உண்மை. ஆனால் போரையே பார்க்காமல் வீட்டில் இருந்த தம்பிகளுக்கும் அதே அளவு சிறியதாகத்தான் இருந்தது. அப்படியானால், குறைந்தபட்சம் இவர்கள் விஷயத்தில், சிறிய ஹிப்போகேம்பஸ் நோயின் தழும்பு அல்ல. நோய்க்குத் திறந்திருந்த கதவு.

கதவு முன்பே திறந்திருக்கிறதா என்று அதிர்ச்சிக்கு முன்னாலேயே எட்டிப் பார்க்க முடிந்தால்? பேரிடரை முன்கூட்டி அறிந்து யாரும் ஸ்கேன் எடுத்து வைப்பதில்லை. ஆபத்து நிச்சயம் என்று தெரிந்த வேலைக்குப் போகிறவர்களிடம் அதைச் செய்யலாம். இஸ்ரேலில் அதைத்தான் செய்தார்கள். ராணுவத்தில் சேர்ந்த, போர்ப் பிரிவுகளில் மருத்துவ உதவியாளர்களாகப் போகவிருந்த 50 இளைஞர்களின் மூளையை வேலைக்கு முன்னும், சுமார் ஒன்றரை ஆண்டு கழித்தும் படம் பிடித்தார்கள். காயம், ரத்தம் போன்ற காட்சிகளைக் கண்ணுக்குமுன் மின்னவிட்டபோது யாருடைய அமிக்டலா ஆரம்பத்திலேயே அதிகமாகத் துள்ளியதோ, அவர்களுக்குத்தான் பிற்பாடு மன அழுத்த அறிகுறிகள் அதிகம் சேர்ந்தன. ஹிப்போகேம்பஸின் நடத்தையோ, அனுபவத்துக்குப் பிறகுதான் மாறியது. இது 2009இல் வெளியானது.

நான்கு ஆண்டு கழித்து இதே சோதனை, யாரும் திட்டமிடாமலே நடந்தது. 2013 ஏப்ரல் 15. பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக்கோட்டுக்கு அருகில் சில விநாடி இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 260க்கும் மேல். குற்றவாளியைத் தேடி நான்காம் நாள் நகரமே கதவடைத்துக்கொண்டது. அதே நகரத்தில் கேட்டி மெக்லாக்லின், மார்கரெட் ஷெரிடன் ஆகிய ஆய்வாளர்கள் வேறு ஒரு காரியத்துக்காக வளரிளம் பருவத்தினரின் மூளையை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். சம்பவத்துக்கு ஒரு மாதம் கழித்து அவர்களிடம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் வந்தவர்களில் ஆய்வுக்குத் தேறியவர்கள் 15 பேர். துயரமான படங்களைப் பார்த்தபோது இடது அமிக்டலா அதிகம் கிளர்ந்த பிள்ளைகளுக்கே குண்டுவெடிப்புக்குப் பின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. 15 என்பது கை விரலில் எண்ணக்கூடிய எண்ணிக்கை. அதை வைத்துக்கொண்டு சட்டம் இயற்ற முடியாது. ஆனால் இஸ்ரேலும் பாஸ்டனும் ஒரே திசையில் கை காட்டின.

முன்பிருந்தே துள்ளும் அமிக்டலா ஒரு பாதி. மறு பாதி, அதிர்ச்சி அதற்குள் என்ன செய்கிறது என்பது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து செல்லை எண்ண முடியாது. ஸ்கேன் காட்டுவது ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான். இங்கேதான் பெங்களூர் எலிகள் மீண்டும் வருகின்றன.

சட்டர்ஜியின் குழு கையாண்ட உபகரணங்களில் ஒன்று 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயம். மூளைத் துண்டை அதில் ஊறவைத்தால் ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சில மட்டும், ஏன் என்று தெரியாமலே, கிளையும் தண்டுமாகக் கறுத்து நிற்கும். கோடைகாலத்து இலையுதிர்ந்த மரம் போல. அந்தக் கிளைகளைப் பொறுமையாக வரைந்து நீளம் பார்க்க வேண்டும், மொட்டுகளை எண்ண வேண்டும். 2002இல் இந்தக் குழு முதலில் காட்டியது இது: பத்து நாள் தொடர்ந்து, தினம் இரண்டு மணி நேரம் அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகேம்பஸில் கிளைகள் குட்டையாகின்றன, அதே எலிகளின் அமிக்டலாவிலோ கிளைகள் செழித்து வளர்கின்றன. ஒரே துன்பம், ஒரே தலை. ஒரு பக்கம் வறட்சி, இன்னொரு பக்கம் புதர். அதுவரை மன அழுத்தம் என்றால் மூளை செல்கள் வாடும் என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள்.

2004இல் வந்த அடுத்த செய்தி இன்னும் சங்கடமானது. அழுத்தத்தை நிறுத்தி எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டார்கள். ஹிப்போகேம்பஸின் கிளைகள் பழைய நிலைக்குத் திரும்பின. அமிக்டலாவின் புதர் அப்படியே இருந்தது. பயமும் அப்படியே இருந்தது. "நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்பது நம் ஊர்களில் துக்க வீட்டில் தவறாமல் சொல்லப்படுகிற ஆறுதல். மூளையின் ஒரு பகுதிக்கு அது பொருந்துகிறது, இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை.

அதன் பிறகுதான் ஒரே ஒரு முறை தந்த அதிர்ச்சியும் பத்து நாள் தாமதமும். ரூப்ஷி மித்ரா முதல் ஆசிரியராக இருந்த அந்த 2005 கட்டுரை ஒரு கால இடைவெளியைக் கண்டுபிடித்தது. அதிர்ச்சிக்கும் நோய்க்கும் நடுவே சும்மா இருப்பதாகத் தோன்றும் நாட்களில் மூளை சும்மா இல்லை, கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிவதற்குள் நிறுத்த முடியுமா?

முடியும் என்றது 2012இல் வந்த பதில், எலிகளில். மருந்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். அழுத்தத்தின்போது உடலே சுரக்கும் ஹார்மோன்தான் அது. எலிக்கு கார்ட்டிகோஸ்டிரோன், மனிதருக்கு கார்ட்டிசால். இதைக் குடிநீரில் கலந்து முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்குப் பத்தாம் நாள் மொட்டுகள் பெருகவில்லை, பயமும் வரவில்லை. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மன அழுத்த ஆராய்ச்சியின் முன்னோடியாக இருந்து 2020இல் மறைந்த புரூஸ் மெக்யூவன் இந்த வேலையில் கூட்டாளி. 2020இல் வந்த இன்னொரு கட்டுரை, அதிர்ச்சிக்குப் பிறகு கொடுத்தாலும் ஹார்மோன் காப்பாற்றுகிறது என்றது. இடையில், 2016இல், அதிர்ச்சி நடக்கும் நேரத்தில் அமிக்டலாவில் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை அடைத்துவிட்டால் பத்து நாள் கழித்து வரும் விளைவும் வராது என்று காட்டினார்கள். விதை விழுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். முளைப்பது பிறகு.

அழுத்த ஹார்மோன் எப்படிக் கவசமாகும்? மருத்துவர்களுக்கு இதில் ஒரு பழைய புதிர் ஞாபகம் வந்தது. பி.டி.எஸ்.டி. நோயாளிகள் பலருக்கு கார்ட்டிசால் அதிகமாக அல்ல, குறைவாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடியபோது ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்ற நோயாளிகளுக்குப் பின்னாளில் இந்த நோய் குறைவாக வந்ததை ஜெர்மனியில் 2001இல் கவனித்தார்கள். விபத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு பெரிய அளவு கொடுத்துப் பார்த்த இஸ்ரேல் பரிசோதனையும் நம்பிக்கை தந்தது. எல்லாமே சிறிய பரிசோதனைகள். கடைக்குப் போய் ஸ்டீராய்டு வாங்கிப் போடுகிற விஷயம் அல்ல இது.

அந்த இடைவெளியில் என்ன செய்யக் கூடாது என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதிர்ச்சியடைந்தவரைத் தூங்க வைத்தால் நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டயசபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை அதிர்ச்சி அறிகுறிகளுக்காக முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டிவிட்டது. அவை நோயைத் தடுப்பதில்லை. பேரிடர் நடந்த மறுநாளே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை 1980, 90களில் பிரபலமாக இருந்தது. பின்னால் வந்த பரிசீலனைகளில் அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலே செய்திருக்கலாம் என்று தெரிந்தது. ஓடிப்போய் மைக்கை நீட்டி "அந்த நேரத்தில் எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்கும் நிருபர்களும் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

செய்யக்கூடியதில் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், சாலை விபத்துக்குப் பின் காத்திருந்த 71 பேரை வைத்து எமிலி ஹோம்ஸின் குழு ஒரு சோதனை செய்தது. விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள் பாதிப் பேருக்கு டெட்ரிஸ் கொடுத்தார்கள். கட்டங்கள் மேலிருந்து விழ, திருப்பித் திருப்பி அடுக்கும் பழைய வீடியோ கேம். முதல் வாரத்தில் விபத்துக் காட்சிகள் மனத்துக்குள் திடீரென்று பாய்வது, விளையாடியவர்களிடம் 62 சதவீதம் குறைவாக இருந்தது. காட்சியைப் பதிந்துவைக்கிற அதே மூளைத் திறனை விளையாட்டு பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது விளக்கம். நோய் வராமலே தடுக்குமா என்பது வேறு கேள்வி.

மூளையைப் படம் பிடித்தே யாருக்கு நோய் வரும் என்று சொல்லிவிட முடிந்தால் ராணுவமும் போலீஸும் காப்பீட்டு நிறுவனங்களும் சும்மா இருக்குமா? ஆபத்து அங்கேதான். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் ஸ்கேனை வைத்து ஜெனிஃபர் ஸ்டீவன்ஸ் குழு 2021இல் மூளை வகைகளாகப் பிரித்தது. ஒரு வகையினருக்கு நோய் வாய்ப்பு அதிகம் என்றது. 2023இல் இஸ்ரேல் நோயாளிகளிடம் அதைச் சரிபார்த்தபோது அதே தொடர்பு கிடைக்கவில்லை. கூட்டத்தின் சராசரியில் தெரிகிற வித்தியாசம், ஒரு தனி மனிதரின் தலையெழுத்து ஆகாது. துள்ளும் அமிக்டலா உள்ள பலர் கடைசிவரை ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் பி.டி.எஸ்.டி. தெரியவே தெரியாது. அதற்காகப் பணம் கட்டுவது வீண்.

மூளைப் பதிவை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் அனுபவம் உண்டு. குற்ற விசாரணையில் மூளை மின்னலைச் சோதனைகளைப் போலீஸார் தாராளமாகப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. சம்மதம் இல்லாமல் அதைச் செய்வது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2010 மே மாதம், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இஸ்ரேலில் செய்தது போல வேலைக்கு எடுக்கும்போதே மூளையைப் பார்க்கலாமே என்று யாராவது கிளம்பினால் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தீர்ப்பு.

இந்தியாவில் இந்த நோய் எவ்வளவு? பதில் யார், எங்கே கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2015-16இல் 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பி.டி.எஸ்.டி. 0.24 சதவீதம். அதே 2015இல் காஷ்மீர் பள்ளத்தாக்கில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காஷ்மீர் பல்கலைக்கழகத்தோடும் அங்குள்ள மனநல நிறுவனத்தோடும் சேர்ந்து எடுத்த கணக்கில், பெரியவர்களில் 19 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. கணக்கெடுக்கும் முறை வேறு, கருவி வேறு. அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் புள்ளிவிவர வித்தியாசம் மட்டுமல்ல. பத்தாண்டுகளாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட காதுக்கு "பின்" என்ற சொல்லே பொருந்துவதில்லை. பெங்களூர் எலிகளிலும் ஒரு முறை பிடித்து வைத்ததன் விளைவு வேறு, தினமும் பிடித்து வைத்ததன் விளைவு வேறு.

கணக்கில் வராமல் போவதற்கு இன்னொரு காரணம், நம் நோயாளிகள் பயத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வாயுப் பிடிப்பு, தூக்கமின்மை என்று வருகிறார்கள். இ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநோய் மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அதற்குமேல் கேட்கவும் ஆள் இல்லை. பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அதிர்ச்சி நடந்த இடம் வீடாகவே இருந்தால், எந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போவது?

சிகிச்சை இல்லாத நோய் அல்ல இது. செர்ட்ராலின், பாராக்ஸிடின் போன்ற மருந்துகள் ஓரளவு உதவுகின்றன. அவற்றைவிட உறுதியான ஆதாரம் இருப்பது பேச்சு வழிச் சிகிச்சைகளுக்கு. பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால், பாதுகாப்பான அறையில், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைக்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை. சத்தம் வந்தது, ஆபத்து வரவில்லை என்ற புதிய பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது. முன்மூளை, அமிக்டலாவோடு மறுபடி பேசப் பழகுகிறது. பொதுவாக எட்டு முதல் பதினைந்து அமர்வுகள் தேவை. பெரு நகரங்களுக்கு வெளியே இதற்குப் பயிற்சி பெற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில், தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுகிறது. முதல் வாசலாக அது போதும்; எட்டு அமர்வுகளை அதில் முடிக்க முடியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களின் கணக்கு செய்தியாகிறது. காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் சில நாளில் வீடு திரும்புகிறார்கள். கையில் இருக்கும் சீட்டில் தையல் பிரிக்க ஒரு தேதி எழுதியிருக்கும், மாவுக்கட்டு எடுக்க இன்னொரு தேதி. மாவுக்கட்டு எடுக்க வரும் நாள் அநேகமாக நான்காவது, ஆறாவது வாரத்தில் விழும். நோய் இருக்கிறதா இல்லையா என்று கேட்கத் தகுந்த சமயமும் அதுவே. சத்தம் கேட்டால் தூக்கிப்போடுகிறதா, கனவு வருகிறதா, வண்டியில் ஏற முடிகிறதா என்று கேட்க இரண்டு நிமிஷம் ஆகும். அதற்கு ஸ்கேன் தேவையில்லை. கட்டு வெட்டுகிற உதவியாளரே கேட்கலாம்.